மகாவலிக் கரையின் களைப்படம்

தம்பி,

நீ கேட்ட என் களைக் குறிப்புக் கொப்பிகளை இதோடு சேர்த்து அனுப்புகிறேன். ஏழு இருக்கின்றன. அலுமாரியின் மேல்தட்டில் பழைய கலண்டர்களுக்கு அடியில் கிடந்தன. ஒன்றின் ஓரத்தைக் கறையான் தின்றிருக்கிறது, ஆனால் எழுத்துக்குச் சேதமில்லை. உனக்கு நியமனம் கிடைத்த அன்று அம்மா எங்கள் ஒழுங்கை முழுவதும் நடந்து, "தகப்பன்ர வேலையே பிள்ளைக்கும் கிடைச்சிருக்கு" என்று வீடுவீடாகச் சொல்லிவிட்டு வந்தாள். நானும் கூடவே நின்று சிரித்தேன். உள்ளே சந்தோஷம் வரவில்லை. நீ வவுனியாவிலிருந்து எழுதிய கடிதத்தில், உனக்குக் கீழே பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள் என்று ஒரு வரி இருந்தது. மற்றதையெல்லாம் ஒருமுறை வாசித்தேன். அந்த வரியை எத்தனை தரம் வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. கொப்பிகளைத் திறக்கமுதல் இந்தக் கடிதத்தை முழுதாக வாசி. இது உனக்கு வேறு யாருடைய வாயாலாவது வந்து சேரமுன் என் கையால் வரவேண்டும்.

முதலில் செடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உன் பகுதிக் குளக்கட்டிலும் அது தலைகாட்டியிருக்கிறது என்று எழுதியிருந்தாய். மணல் லொறியில்தான் வந்திருக்கும். இராட்சதத் தொட்டாற்சுருங்கி என்று நாங்கள் அதற்குப் பெயர் வைத்தோம். சாதாரணத் தொட்டாற்சுருங்கி நிலத்தோடு படரும். இது எழுந்து நிற்கும். ஆளுயரம், ஆற்றோரத்து வண்டலில் இரண்டு ஆளுயரம்கூட. தண்டு முழுக்க முள். இலையைத் தொட்டால் மூடும், ஆனால் சிறியதைப்போல் சட்டென்று அல்ல, சோம்பலாக. ஊதா கலந்த இளஞ்சிவப்பில் உருண்டைப் பூ. காய்கள் கொத்தாக, மேலே சொரசொரத்த மயிரோடு இருக்கும். முற்றினால் காய் துண்டுதுண்டாக உடையும். ஒவ்வொரு துண்டுக்குள்ளும் ஒரு விதை, ஒவ்வொன்றும் தண்ணீரில் மிதக்கும். நாற்றாக இருக்கையில் ஈர மணலிலிருந்து கையாலேயே பிடுங்கிவிடலாம். வளர்ந்துவிட்டால் வெட்டிப் பிரயோசனமில்லை, அடிக்கட்டையிலிருந்து முன்னையதைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். வேரோடு தோண்டி, வெயிலில் போட்டு, எரிக்க வேண்டும். எல்லாம் காய் முற்றமுன் நடக்க வேண்டும். முற்றிய பிறகு கை வைத்தாயானால் அதை விதைத்தவன் நீதான். எரித்துவிட்டோம் என்று திரும்பிப் பார்க்காமல் இருந்துவிடாதே. மணலுக்குள் கிடக்கிற விதை வருடக்கணக்காகப் பொறுத்திருக்கும்.

இதில் அரைவாசிக்கு மேல் நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததல்ல. வீரையா காட்டித் தந்தது. வீரையாவை உனக்கு நினைவிருக்கும். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளிலிருந்து, களை ஒழிக்கும் எங்கள் திணைக்களக் கந்தோருக்கு நாட்கூலிக்கு வந்தவர். பத்து வயதிலேயே தேயிலைக்குள் சொரண்டி பிடித்துப் புல்லுச் செதுக்கியவர். நாலு இலை விட்ட நாற்றை நான் கண்ணாடியைப் போட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, அவர் நின்ற நிலையிலேயே, "அது வேறங்கய்யா, அது நம்ம சின்ன சாதி. இங்கன இருக்கு பாருங்க, இதுதான் திருடன்" என்பார். ஒருநாளும் பிழைத்ததில்லை. சனிக்கிழமைகளில் உன்னையும் ஆற்றுக்குக் கூட்டிப் போவோம். அவர் உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு, "தொடுங்க தம்பி, தூங்குற மாதிரி நடிக்குது பாருங்க" என்று இலையைக் காட்டுவார். உனக்குப் பத்து வயது. அவர் திடீரென்று வராமல் போனபோது நீ என்னிடம் கேட்டாய். இந்தியாவுக்குப் போய்விட்டார் என்று நான் சொன்னேன். அது பொய்.

நான் ஏன் அப்படிப்பட்டவனானேன் என்று சொல்ல எண்பத்து மூன்றாம் ஆண்டுக்குப் போக வேண்டும். சாக்குச் சொல்வதற்காக அல்ல, நீ என்னை அறிந்துகொள்வதற்காக. அப்போது எனக்குக் கல்யாணமாகவில்லை. சாவகச்சேரியிலிருந்து வந்து கண்டியில் வேலைக்குச் சேர்ந்து கொஞ்சக்காலம்தான். ஆடிக் கலவரத்தில் தமிழர் கடைகள் எரியத் தொடங்கியபோது, எனக்கு மேலே இருந்த சிங்கள உத்தியோகத்தர் ஒருவர் என்னைக் கந்தோர் களஞ்சிய அறைக்குள் களைக்கொல்லிப் பீப்பாக்களுக்குப் பின்னால் விட்டுப் பூட்டினார். மூன்று நாள் அந்த நாற்றத்துக்குள் இருந்தேன். அவர்தான் சோறு கொண்டுவந்து தந்தார். நாலாம் நாள் கதவைத் திறந்து, "இனிப் பயமில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், யாருடைய கண்ணிலும் படாமல் இருக்கப் பழகு" என்றார். நல்ல மனிதர். என் உயிரைக் காத்தவர். அவர் அந்த வாரத்துக்காகச் சொன்னதை நான் ஆயுளுக்கும் சட்டமாக்கிக்கொண்டேன். சிங்களத்தை நாக்கில் எங்கள் ஊர் தட்டாமல் பேசப் பழகினேன். பஸ்ஸில் தமிழ்ப் பேப்பரை விரிக்கமாட்டேன். கல்யாணமாகி வந்த புதிதில் உன் அம்மா பொட்டோடு வெளிக்கிட்டால், டவுனுக்குப் போகமுதல் அழித்துவிடு என்று சொன்னவன் நான்தான். அவள் கைலேஞ்சியால் அழித்துவிட்டு நடப்பாள். வீட்டுக்குத் திரும்பும்வரை என்னோடு ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

வேலையிலும் அப்படித்தான் இருந்தேன். களை விஷயத்தில் சட்டம் எங்கள் பக்கம். தீங்கான களை நிற்கிற காணிச் சொந்தக்காரருக்கு அறிவித்தல் கொடுக்கலாம், அவர் அழிக்காவிட்டால் வழக்குக்கும் போகலாம். ஆனால் ஆற்றோரம் அரசாங்க நிலம், அதற்கு மேலே வீட்டுத் தோட்டங்கள், நடுவில் மணல் அள்ளுகிறவர்கள். அரசாங்க நிலத்தை யாரும் தன்னுடையது என்று நினைப்பதில்லை. தனியார் நிலத்துக்குள் கால் வைத்தால் எல்லோருக்கும் கோபம். கெட்டம்பேக்குக் கீழே ஒரு மணல் முதலாளியின் காணியில் அந்தச் செடி வேலியாகவே வளர்ந்து நின்றது. அறிவித்தலோடு நானும் வீரையாவும் போனோம். முதலாளி அதை வாசிக்காமலே மடித்துப் பையில் வைத்துவிட்டுத் தன் ஆட்களைப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னார்: "இது எங்கள் ஆற்றில் இல்லாத செடி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கும். இந்த மாத்தயாவும் அங்கிருந்துதானே, கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்களைவிடக் கொஞ்சம் பலமாகவே சிரித்தேன். திரும்பி வரும்போது வீரையா கேட்டார்:

"நீங்க ஏன்யா சிரிச்சீங்க?"

"வேலை நடக்க வேணுமெல்லோ வீரையா."

"வேலையுந்தான் நடக்கலியேய்யா" என்றார். அந்த வேலி கடைசிவரை அங்கேதான் நின்றது. அந்தக் காணியின் மணல்தான் இன்று எந்த எந்த ஊர்க் குளக்கட்டுக்கெல்லாம் போய்க்கொண்டிருக்கிறதோ.

பேராதனையிலிருந்து பொல்கொல்லை அணைக்கட்டு வரைக்கும் மகாவலி ஆற்றின் இரு கரையிலும் செடி எங்கெங்கே நிற்கிறது என்று படம் வரையும் பொறுப்பு எனக்கு வந்தது. இரண்டு மாதம் நடந்து நடந்து வரைந்தேன். பாலங்கள், ரயில் பாலம், தண்ணீர் ஏற்றும் நிலையம், ஒரு இராணுவ முகாமின் பின்வேலி, அணைக்கட்டு, எல்லாம் அதில் இருந்தன. ஆற்றோரத்தை அடையாளம் சொல்ல வேறு என்னதான் இருக்கிறது? செடி நிற்கும் இடங்களைக் கறுப்பு மையால் நிரப்பி, அவசரமானவற்றைச் சிவப்பால் வட்டமிட்டேன். கந்தோர்க் கோப்புக்கு ஆங்கிலத்தில் ஒன்று. வீரையாவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும் என்பதால் அவருக்கென்று தமிழில் ஒரு பிரதி. அதன் ஓரத்தில் நான் என் கையால் எழுதியவற்றை இன்றைக்கும் பாராமல் சொல்வேன். "பாலத்தடி – முதல் இது." "அணைக்கட்டுக்குக் கிட்ட – வேரோட அழிக்க வேணும்." "முகாம் வேலியோரம் – இந்த மாசத்துக்குள்ள எரி."

அந்த வருடம்தான் புத்தரின் பல்லை வைத்திருக்கிற மாளிகையில் குண்டு வெடித்தது. அதன் பிறகு கண்டி வேறு ஊராகிவிட்டது. பாலத்துக்குப் பாலம் காவல், சந்திக்குச் சந்தி சோதனை. தமிழ்ப் பெயர் உள்ள அடையாள அட்டையை இரண்டு தரம் திருப்பிப் பார்ப்பார்கள். தோட்டத்து ஆட்கள் பலரிடம் அந்த அட்டையே இல்லை. வீரையாவிடமும் இல்லை. அப்போது உனக்குக் கொப்புளிப்பான் அம்மை வந்து நான் ஒரு வாரம் லீவு எடுத்தேன். பாலத்தடியில் காய் முற்றும் தறுவாய். வீரையா கந்தோர் வேலை முடிந்து உன்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். நான் படத்தை அவர் கையில் கொடுத்தேன்.

"நான் வரும்வரைக்கும் பாத்துக்கொண்டிருக்க வேண்டாம். பாலத்தடியை நாளைக்கே முடிச்சுவிடு."

அவர் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "இந்த நேரத்துல நான் மட்டும் அங்க போறது சரிங்களாய்யா? பண்டா அண்ணே ஜீப்பைக் கொண்டாந்தா அவரோட போறேனே."

பண்டா எங்கள் ஜீப் சாரதி. கடுகண்ணாவைப் பக்கத்துச் சிங்களவர், வீரையாவோடு ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடிக்கிறவர். ஜீப் அந்த வாரம் திருத்தத்துக்குப் போயிருந்தது.

"ஜீப் வாறதுக்குள்ள காய் உடைஞ்சிடும். உன்னை அங்க ஆருக்குத் தெரியாது? ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம்" என்றேன்.

"சரிங்கய்யா, நீங்க சொன்னா போறேன்" என்றார்.

அடுத்த நாள் மதியம் அவரைப் பாலத்துக்குக் கீழே பிடித்தார்கள். கையில் கத்தி. பக்கத்தில் எரிப்பதற்குக் கொண்டுபோன மண்ணெண்ணெய்க் கேன். மடியில் பாலமும் அணைக்கட்டும் முகாமும் சிவப்பு வட்டமுமாக ஒரு படம், அதன் ஓரத்தில் தமிழில் "அழி", "எரி" என்று. பிடித்தவனை நான் குறை சொல்லமாட்டேன். அந்த இடத்தில் நின்று பார்த்திருந்தால் எனக்கே சந்தேகம் வந்திருக்கும். ஆனால் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவைக்க ஊரில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தான்.

கேள்விப்பட்டவுடன் பண்டா யாரையும் கேட்காமல் தானே பொலிசுக்குப் போய், "படம் எங்கள் மாத்தயாவினுடையது, நான் இவர்களை ஆறுமாதமாக அந்தக் கரைக்கு ஏற்றி இறக்குகிறேன்" என்று சொல்லியிருக்கிறார். அதனால்தான் மறுநாள் காலையில் எனக்கு ஆள் வந்தது. அம்மா உன் உடம்புக்கு வேப்பிலையால் தடவிக்கொண்டிருந்தாள். "பயப்பிடாதேங்கோ. போய் உள்ளதைச் சொல்லிப்போட்டு அந்த மனுசனையும் கையோட கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றாள். நான் ஓம் என்றுதான் போனேன். வழி முழுக்க உள்ளதைச் சொல்வதாகவே இருந்தேன்.

பொலிசில் என்னை யாரும் அதட்டவில்லை. அதிகாரி கதிரை தந்தார், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். மேசையில் பொலித்தீன் பைக்குள் படம் இருந்தது. மூலையில் என் தேத்தண்ணிக் கறைகூட அப்படியே.

"இது நீங்கள் வரைந்ததா?"

ஓம் என்று சொன்னால் என்னையும் வைத்துக்கொள்வார்கள். ஒரு நாளோ ஒரு வாரமோ, கந்தோரில் விசாரித்து, ஆங்கிலப் பிரதியைப் பார்த்து, விட்டுவிடுவார்கள். விடாமலும் போகலாம். பீப்பாக்களின் நாற்றம் எனக்கு மூக்கில் வந்தது. கொப்புளத்தோடு கிடக்கிற நீ வந்தாய்.

"எங்கள் கந்தோரில் இப்படிப் படங்கள் பல இருக்கின்றன. இது நான் வரைந்தது என்று சொல்ல முடியாது" என்றேன்.

"இந்தத் தமிழ் எழுத்து யாருடையது?"

"தெரியாது."

"இவனை அங்கே அனுப்பியது நீங்களா?"

"நான் லீவில் நிற்கிறேன்."

கடைசி வார்த்தை உண்மை. பல வருடங்களாக அந்த ஒரு உண்மையைப் பிடித்துக்கொண்டு நான் நித்திரை கொள்ளப் பார்த்திருக்கிறேன். அவர்கள் எழுதினார்கள், நான் வாசித்துப் பார்த்துக் கையெழுத்து வைத்தேன். எழுந்து திரும்பும்போது பக்கத்து அறைக் கதவு திறந்திருந்தது. வீரையா நிலத்தில் இருந்தார். கைகள் பின்னால் கட்டப்பட்டிருந்தன. என்னைக் கண்டதும் சுவரில் முதுகை அண்டக்கொடுத்து எழுந்து, காவலுக்கு நின்றவனிடம், "எங்க ஐயா வந்துட்டாரு" என்றார். அவர் முகம் மலர்ந்திருந்தது. நான் வாசலைப் பார்த்து நடந்தேன். தம்பி, அதற்குப் பிறகு நான் எத்தனையோ தரம் பயந்திருக்கிறேன், அழுதிருக்கிறேன், ஆனால் அந்தப் பத்தடி தூரத்தை நடந்ததைவிடக் கேவலமாக ஒன்றும் நான் செய்ததில்லை. வீட்டுக்கு வந்து, சொல்லவேண்டியதைச் சொன்னேன், அவர்கள் கேட்கவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன்.

இரண்டு கிழமை கழித்து வீரையாவின் மனைவி பாக்கியம் ஏழு வயது மகளையும் கூட்டிக்கொண்டு எங்கள் படலைக்கு வந்தாள். நீதான் திறந்தாய். மேலிடத்துக்கு எழுதியிருக்கிறேன், பார்ப்போம் என்று அவளிடம் சொன்னேன். ஒரு வரியும் எழுதியிருக்கவில்லை. அம்மா அந்தப் பிள்ளைக்கு உன் பழைய சட்டைகளைக் கட்டிக் கொடுத்தாள். பண்டா இன்னும் இரண்டு தரம் பொலிசுக்கு அலைந்தார். பிறகு அவருக்கு மொனராகலைப் பக்கம் இடமாற்றம் வந்தது. கடைசி நாள் ஜீப்பின் திறப்பை என் மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "மாத்தயா, நான் சிங்களவன் சொல்லியும் அவர்கள் எடுக்கவில்லை. ஏனென்றால் படத்தில் இருப்பது தமிழ். எனக்கு அதை வாசிக்கத் தெரியாது என்று அவர்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும்." பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். அந்தப் பருவம் பாலத்தடியில் யாரும் கை வைக்கவில்லை. காய் உடைந்து மழைத் தண்ணீரோடு போனது. அடுத்த வருடம் எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அந்தச் சந்தோஷத்துக்கு நாங்கள் மூவரும் நுவரெலியா போய் வந்தோம். நீ குதிரையில் ஏறிய படம் ஆல்பத்தில் இருக்கிறது.

வீரையாவை இரண்டு வருடமும் சில மாதமும் வைத்திருந்து, ஒரு வழக்கும் போடாமல் விட்டார்கள். நான் ஹந்தானைக்கு ஏறிப் போனேன். பாதி ஆளாக இருந்தார். வலது கை விரல்கள் முழுதாக மூடவில்லை. "வாங்கய்யா, உக்காருங்க" என்றார். பாக்கியம் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். பிறகு அவர்தான் கேட்டார்:

"பாலத்தடியில எடுத்தாச்சுங்களா?"

"இல்லை வீரையா."

"அப்ப பொல்கொல்லையத் தாண்டியிருக்குமே. மணல்ல இருக்கும்போதே எடுத்திருக்கணும்."

ஒரு மணித்தியாலம் செடியைப் பற்றியே பேசினோம். என்னைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு இறங்கி வந்தேன். பிறகும் நாலைந்து தரம் போனேன். ஒவ்வொரு முறையும் சொல்லிவிடுவது என்றுதான் ஏறினேன். அவர் அதிக காலம் இருக்கவில்லை. செத்தவீட்டுக்குப் போய், லயத்துக் கோடியில் கூட்டத்துக்குப் பின்னால் நின்றுவிட்டு வந்தேன்.

இப்போது யுத்தம் முடிந்துவிட்டது என்கிறார்கள். போன மாதம் பாக்கியம் வந்தாள். அந்த ஏழு வயதுப் பிள்ளை உயர்தரம் படித்து முடித்து, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக விண்ணப்பித்திருக்கிறாள். தகப்பன் தடுத்துவைக்கப்பட்டிருந்தவர் என்று ஒரு அறிக்கை குறுக்கே நிற்கிறது. அவர் அன்றைக்கு அரசாங்க வேலையாகத்தான் அங்கே நின்றார் என்று யாராவது எழுதித் தந்தால் போதும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நாட்கூலி என்பதால் கந்தோரில் அவர் பெயருக்கு ஒரு தாளும் இல்லை. நான் கதிரையில் இருந்தபடியே, "பாக்கியம், அதுக்கு முதல் உனக்கு நான் ஒண்டு சொல்ல வேணும்" என்று தொடங்கினேன்.

"தெரியுமுங்கய்யா" என்றாள். "அன்னைக்கே தெரியும். நீங்க கையெழுத்து வச்சதக் காட்டிக் காட்டித்தான் அவர அடிச்சிருக்காங்க."

நான் கேட்டேன்: "அப்ப அவர் ஏன் என்னட்ட ஒருநாளும் கேக்கேல்லை?"

"நானுங் கேட்டேங்க. கேட்டா ஐயா அப்பறம் இந்தப் பக்கமே வரமாட்டாருன்னாரு. அவருக்கு அந்தச் செடியப் பத்திப் பேச ஒங்கள விட்டா வேற ஆளில்லீங்களே."

அவள் கோபப்பட்டிருக்கலாம், அழுதிருக்கலாம். இரண்டும் இல்லை. கடையில் அரிசி விலை சொல்வதைப்போலச் சொன்னாள். அதைக் கேட்டுக்கொண்டு அந்தக் கதிரையில் இருக்கவேண்டியிருந்தது. அம்மாவுக்கும் அன்றைக்குத்தான் உள்ளதைச் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "அப்ப அந்தப் பிள்ளை எங்கட படலைக்க வந்து நிக்கேக்கயும் உங்களுக்குத் தெரியும்?" ஓம் என்றேன். அன்றையிலிருந்து எனக்குச் சாப்பாடு மேசையில் இருக்கிறது. அவள் அறைக்குள் இருக்கிறாள்.

உனக்கு என்ன புத்தி சொல்ல எனக்குத் தகுதியிருக்கிறது? ஆனாலும் தகப்பன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தப் பன்னிரண்டு பேரின் பெயரையும், எந்த நாள் எந்த இடத்துக்கு நீ அனுப்பினாய் என்பதையும் எழுதி வை. நீ கொடுக்கும் ஒவ்வொரு தாளிலும் உன் கையெழுத்து இருக்கட்டும், யாரும் கேட்காவிட்டாலும். போகலாமா என்று ஒருவன் தயங்கிக் கேட்டால், அவன் பயத்துக்குக் காரணம் இருக்கும் என்று நம்பு. காய் உடைந்தால் உடையட்டும், அடுத்த வருடமும் பிடுங்கலாம். என்னைப்போல் சிரிக்காதே. வேலை நடக்கவேண்டும் என்பதற்காகச் சிரித்த எந்த இடத்திலும் எனக்கு வேலை நடந்ததில்லை. நீ வேலை செய்வது நான் இருந்த அதே திணைக்களத்தில். என் பெயர் உன் பெயருக்கு முன்னால் நிற்கிறது. பாக்கியம் கேட்டபடி நான் எழுதிக் கொடுத்திருப்பது மேலே போனால், பழைய வாக்குமூலம் பொய்யென்று என்னையும் கூப்பிடலாம், என் பென்சனிலும் கை வைக்கலாம், உன்னிடமும் யாராவது கேட்கலாம். கேட்டால் மழுப்பாதே. ஓம், அவர்தான் என் அப்பா என்று சொல். அதற்கு மேல் என்னைப் பற்றி என்ன சொல்வதென்று நீயே முடிவு செய். நல்லதாக ஒன்றும் சொல்லவேண்டியதில்லை.

நேற்றுச் சமாதான நீதவான் ஒருவரின் வீட்டுக்குப் பாக்கியமும் மகளும் நானும் போயிருந்தோம். நான் வீட்டிலேயே எழுதிக்கொண்டு போயிருந்ததை அந்தப் பிள்ளை தாய்க்குக் கேட்கும்படி சத்தமாக வாசித்தாள். நல்ல தெளிவான குரல், வகுப்பறைக்கு ஏற்ற குரல். பாலத்தடியில் கைப்பற்றப்பட்ட படம் நான் வரைந்தது, அதிலுள்ள தமிழ் எழுத்து என்னுடையது, அன்று அவரை அங்கே அனுப்பியது நான், பொலிசில் நான் சொன்னது பொய் என்று எல்லாம் அதில் இருந்தது. "எனது கூலியாள் வீரையா" என்ற இடத்தில் பாக்கியம் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"கூலியாளுன்னு போடாதீங்கய்யா. ஒங்க கூட வேலை செஞ்சவருன்னு போடுங்க."

நீதவான் வெட்டிவிட்டு மேலே எழுதினால் போதும் என்றார். எனக்கு மனம் வரவில்லை. அவரிடமே ஒரு வெள்ளைத் தாள் வாங்கி, முதல் வரியிலிருந்து முழுவதையும் மறுபடி எழுதினேன். இருவரும் பக்கத்தில் நின்றுகொண்டேயிருந்தார்கள். "என்னோடு வேலை செய்த வீரையா" என்று எழுதிய இடத்தைப் பாக்கியம் தானே எழுத்துக்கூட்டி வாசித்துப் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள். நான் கையெழுத்து வைத்தேன்.

அப்பா